எதிர் கேலரியில் இருந்தவர்கள்

தொண்ணூறுகளின் நடுவில் நான் துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் டாலி கிளார்க்காக இருந்தேன். கல்லூரி மேடைகளில் நான் பேசி அமர்ந்த பிறகு, அடுத்துப் பேச வேண்டியவர் எழுந்திருக்கத் தயங்கியதுண்டு. அதே குரல் இப்போது கிடங்கின் இரும்புக் கூரைக்குக் கீழே கன்டெய்னர் எண்களைக் கூவிக்கொண்டிருந்தது. ஆகவே, சிறு தீவு நாடுகளின் கால்பந்துக் கிளப்புகளுக்கான வட்டாரப் போட்டி துபாயில் நடக்கிறது, அரங்கத்தில் ஒரு பக்க கேலரியை நிரப்ப எங்கள் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து ஆட்களைக் கொண்டுபோகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, முதலில் பெயர் கொடுத்தவன் நான்தான்.

அது அங்கே வழக்கமான ஏற்பாடு. ஒரு தொப்பி, ஒரு கொடி, ஒரு பிரியாணிப் பொட்டலம். யாருக்காகக் கத்த வேண்டும் என்பதைப் பேருந்தில் ஏறிய பிறகுதான் சொல்வார்கள். எங்களுக்கு வாய்த்தது, வரைபடத்தில் விரல் வைத்தால் நகத்துக்கடியில் மறைந்துவிடும் ஒரு தீவின் கிளப்.

கேம்ப் பாஸ் கீழக்கரைப் பக்கத்துக்காரர். மெகாபோனை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, போட்டி நடத்துற ஆளு எனக்கு வேண்டியவரு. அறிவிப்பாளர் வேலைக்கு ஒரு குரல் தேடுறாரு. ஏசி ரூமு, மைக்கு. கூட்டத்த அதிர வச்சுக் காட்டு. கிடங்கு கலாஸ், அதோட முடிஞ்சுது."

அதிர வைத்தேன். தீவு அணி தோற்றது. தோற்ற விதம்தான் மனத்தை உறுத்தியது. எங்கள் முழக்கம் எழும்போதெல்லாம் அவர்கள் இருட்டில் நடப்பவர்களைப் போலத் தடுமாறினார்கள். ஆளில்லாத இடத்துக்குப் பந்தை அனுப்பினார்கள்.

அடுத்த வெள்ளி, ஆட்டத்துக்கு முன் அவர்களுடைய மேலாளர் என்னைத் தேடி வந்தார். தூத்துக்குடிக்குச் சரக்குக் கப்பலில் வந்துபோய்த் தமிழ் கற்றவர்.

"தம்பி, இன்னைக்கு நீங்க கத்த வேணாம்."

"கத்தத்தானே எங்களக் கூட்டிட்டு வந்திருக்காங்க?"

"எங்க ஊர்ல கிரவுண்ட ஒட்டி கபர்ஸ்தான். ஆட்டம் பாக்க வர்றவன் வாயத் தொறக்க மாட்டான். அங்க மண்ணுக்குள்ள படுத்திருக்கிறவங்களும் பாக்கிறாங்கல்ல? எங்க பசங்க காதால ஆடுவாங்க. பின்னால வர்ற காலடி கேட்டுத்தான் பந்த விடுவாங்க. இன்னைக்குத் தோத்தா எங்க கப்பு முடிஞ்சது."

பேசாதிரு என்று என்னிடம் அதுவரை எவரும் வேண்டியதில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு என் இடத்துக்குப் போனேன்; போட்டி நடத்துபவர் அன்றுதான் என் குரலைக் கேட்க வந்து மேலே அமர்ந்திருந்தார்.

விசில் ஊதியதும் முதல் முழக்கத்தை எழுப்பினேன். பந்தோடு நின்ற தடுப்பாட்டக்காரர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். தூங்கும் வீட்டில் அந்நியக் குரல் கேட்டவனின் முகம் அது. அவர் காலிலிருந்து பறிபோன பந்து கோல் கம்பத்தில் மோதித் திரும்பியது. அடுத்த முழக்கத்துக்காக உயர்த்திய மெகாபோனை நான் இறக்கினேன்.

"என்ன பேச்சாளரே, பேட்டரி தீந்துபோச்சா?" என்றார் முன்வரிசையிலிருந்த மன்னார்குடி வெல்டர்.

"இல்லண்ணே. யாரும் கத்த வேணாம்."

"பிரியாணி உண்டுல்ல?"

"உண்டு."

"அப்பச் சரி."

வரிசை வரிசையாக அமைதி மேலேறியது. அதன் பிறகுதான் அந்த ஒலியைக் கேட்டேன். இங்கே ஓர் உதை. ஒரு கணம் கழித்து எதிர் கேலரியிலிருந்து இன்னோர் உதை. இங்கே ஓடும் கால்கள். அங்கேயும் ஓடும் கால்கள். எதிரொலி என்று அறிவு சொன்னது. அந்த கேலரியில் ஒருவரும் இல்லை. சாயங்கால நிழல் மட்டும் படிக்கட்டுகளில் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் ஓர் அரங்கம் நிறைந்திருக்கிறதா, காலியா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லப் பழகியவன் நான். நிறைந்த அரங்கில் காற்று கனக்கும். கண்ணை மூடினேன். எதிர் கேலரி நிறைந்திருந்தது.

கேம்ப் பாஸ் படியிறங்கி வந்தார். "வாயில பூட்டா தம்பி? அவரு எந்திரிச்சுப் போறாரு. ஒரே ஒரு கத்து கத்து!"

மேலே, நடத்துபவர் உண்மையிலேயே எழுந்துகொண்டிருந்தார். நான் தலையசைத்து மறுத்தேன்.

"போச்சு. மைக்கு மாஃபி, இனி கெடையாது. அந்தக் கிடங்குலயே கெட."

அவர் போய்ச் சற்று நேரத்தில் தீவு அணி கோல் அடித்தது. திரும்பிப் பார்க்காமலே பின்னுக்குத் தட்டிய பந்து, ஓடி வந்தவரின் காலில் சரியாகச் சேர்ந்தது. எங்களில் ஒருவரும் கத்தவில்லை. வீரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளவுமில்லை. நேராக எதிர் கேலரியின் அடிக்குப் போய் நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்தி நின்றார்கள். அந்த ஒரு கோலில் வென்று ஆட்டம் முடிந்தபோதும் அங்கேதான் போனார்கள். எங்கள் பக்கம் ஒரு பார்வைகூட விழவில்லை.

பேருந்தில் எவரும் பேசவில்லை. பட்டாணிய டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"க்யா ஹுவா பாய்? கோயி மர் கயா?"

யாராவது செத்துப்போனார்களா என்று கேட்டார். கேம்ப்பின் விளக்குகள் தெரிந்தபோது வெல்டர் என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, நாம அங்க இருந்தோம்ல?"

ஆம் என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த மேடையிலும் என்னைக் கைவிடாத குரல் அப்போது எழவில்லை.

மறுநாள் கிடங்கில் வழக்கம்போல் முதல் எண்ணைக் கூவினேன். இரும்புக் கூரையிலிருந்து அது சற்றே தாமதமாகத் திரும்பி வந்தது. அந்தக் குரல் முழுதாக முடியும்வரை காத்திருந்துவிட்டு, அடுத்த எண்ணைத் தாழ்ந்த குரலில் சொன்னேன்.