மீரான் பாய் அளந்த தோமான்

பிரிக்ஃபீல்ட்ஸ் தையற்கடை மீரான் பாய் காலமான செய்தி எனக்கு ஒரு நாள் தாமதமாக வந்தது. நான் வேலை செய்யும் செந்தூல் ரயில் பட்டறை வாசலில் பால்காரர் கோவிந்தன் சைக்கிளை நிறுத்தி, "பாய் போயிட்டாருண்ணே. நேத்து சாயங்காலமே அடக்கம் பண்ணிட்டாங்க. ஒங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றார். யாரும் சொல்லவில்லை. பதினொரு மாதமாக நான் அந்தக் கடைப் படி ஏறவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும்.

அவரிடம் சட்டை தைத்துக்கொண்ட உங்களுக்கு அவர் தையற்காரர். எனக்கு அவர் மீன்பிடிக்கக் கூட வந்தவர். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் தம் பழைய தூண்டிற்கோலை அவரிடம் விட்டுப்போனார். மூட்டு உடைந்திருந்தது. பித்தளைக் குழாய் கடைந்து நான் அதைச் சரிசெய்தேன். மண்புழுவுக்குப் பதிலாக, முள்ளில் இறகு கட்டிப் பூச்சிபோல் வீசுகிற கோல் அது. வெள்ளைக்காரர்கள் அதை மலை ஓடையில் சின்ன மீனுக்கு வீசுவார்களாம். ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டைகளில் கிடக்கும் தோமானுக்கு, அந்தப் பெரிய விரால் மீனுக்கு, வீசினால் என்ன என்று கேட்டவன் நான். இதையும் பலர் மாற்றிச் சொல்கிறார்கள். இறகு கட்டியவர் அவர். சேவலின் கழுத்து இறகைச் சிவப்புப் பட்டு நூலால் சுற்றி, தையல் நூலுக்குத் தேய்க்கும் தேன்மெழுகைத் தடவுவார். எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் வெறுங்கை. நூல் தலைக்கு மேல் முன்னும் பின்னும் பறப்பதைப் பார்த்துக் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த கோவிந்தன், "என்ன பாய், கொசு ஓட்டுறீங்களா?" என்று கத்தினார். "இல்லலா, காத்துக்குச் சட்டை தைக்கிறேன். அளவுக்கு நிக்க மாட்டேங்குது" என்றார் மீரான் பாய்.

தோமான் மூச்சுவிட மேலே வரும். நீர் சுழித்த இடத்திலேயே நான் வீசிக்கொண்டிருந்தேன். அவர்தான் திருத்தினார். "பள்ளிக்கூடத்துப் புள்ளைக்குக் கால்சட்டை தைக்கிற மாதிரிண்ணே. இன்னிக்கு இருக்கிற அளவுக்கு இல்ல, வரப்போற அளவுக்கு." மீன் போகும் திசையில் இரண்டு முழம் தள்ளி வீசினேன். அடுத்த வாரம் எங்கள் முதல் தோமான் தூண்டிலைக் கடித்தது.

பெரிய மீன் எனக்குத்தான் முதலில் கிடைத்தது. அது தண்ணீரில் மூழ்கிக் கிடந்த மரக்கட்டையை நோக்கி இழுத்தது. கட்டைக்குள் புகுந்தால் நூல் அறுந்துவிடும். மீரான் பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அதைச் செவுளில் பிடித்துத் தூக்கினார். தோமான் அவருடைய வலது கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. பத்து நாள் கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் இருந்தார். என் மீனுக்காக நேர்ந்த காயம் அது. இதை நான் என்றும் மறுத்ததில்லை.

ஆனால் கரையேறியதும் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, ரத்தம் வடியும் விரலால் அழுத்தி அளந்து, "முப்பத்து நாலு அங்குலம்" என்றார். என் கண்ணுக்கு அது குறைவாகப் பட்டது. மீனின் மூக்கையும் வாலையும் வைத்துக் கோலில் கத்தியால் கீறிக்கொண்டேன். மறுநாள் பட்டறையின் எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்தேன். முப்பத்தைந்து. துணி டேப்பு இழுபட்டு நீண்டுவிட்டது என்று அவரிடம் சொன்னேன்.

"என் டேப்பு நீண்டிருந்தா இந்த ஊர்ல பாதிப் பேரு தொளதொளன்னுல்ல நடக்கணும்?" என்றார்.

ஒரு மாதம் கழித்து அவர் ஒரு தோமான் பிடித்தார். அதே டேப்பில் முப்பத்து நாலரை. காப்பிக் கடையில் எல்லோரும் அவருடைய மீன்தான் பெரியது என்றார்கள். முப்பத்தைந்து பெரிதா, முப்பத்து நாலரை பெரிதா என்று நான் கேட்டேன். அவர் சிரித்தபடி, "ரெண்டையும் ஒரே டேப்புல வச்சுப் பாருங்கண்ணே" என்றார். அவர் என்னைக் கேலி செய்வதாக நினைத்தேன். காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை.

செய்தி கேட்ட அன்று மாலை கடைக்குப் போனேன். அவருடைய மச்சான் இருந்தார். துக்கம் விசாரித்துவிட்டு, அந்த டேப்பைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து சுருட்டி வைத்திருந்ததை எடுத்தார். "போன மாசமே எடுத்து வச்சாருண்ணே. 'அண்ணன் கேட்டா குடு, கேக்காம குடுக்காத'ன்னாரு."

பட்டறையில் எஃகு அளவுகோலின் பக்கத்தில் அதை நீட்டினேன். டேப்பின் முப்பத்து நாலு, எஃகின் முப்பத்தைந்துக்கு நேராக நின்றது. நான் சொன்னது சரி. ஓர் அங்குலம் நீண்டிருந்தது. அப்படியே கண்ணை நகர்த்தி அவருடைய முப்பத்து நாலரையைப் பார்த்தேன். அது முப்பத்தைந்தரையில் நின்றது.

என் மீனை எஃகிலும் அவர் மீனைத் துணியிலும் அளந்து ஒப்பிட்டிருக்கிறேன். பட்டறையில் இருபது வருஷம் அளவெடுத்தவன் செய்த பிழை இது. அவர் அன்றைக்கே சொல்லியிருக்கிறார்.

காப்பிக் கடையில் எங்கள் சண்டையைக் கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். டேப்பு தவறானது. அவருடைய தோமான்தான் பெரியது. இரண்டும் உண்மை. ஒன்றுக்காக மற்றதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டேப்பு என்னிடம்தான் இருக்கிறது. அதில் முப்பத்து நாலாம் கோட்டின்மேல் பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது. அதை அவர் துவைக்கவில்லை. நானும் துவைக்கப் போவதில்லை.