திருநீறு போட்டுத் தேய்த்த வெள்ளி

என் வீட்டுக்காரருக்கு வெள்ளிக் காசுப் பைத்தியம். எழுபதுகளில் பம்பாய் நாணயச் சாலைக்குப் பணம் கட்டி, கனமான பெரிய வெள்ளிக் காசுகளைத் தபாலில் வரவழைப்பார். திருப்பரங்குன்றத்தில் எங்கள் தெருப் பெண்கள் கொலுசு வாங்கிப் போட்டுக்கொள்ள, போட்டுக்கொள்ளவும் முடியாத, செலவழிக்கவும் கூடாத வெள்ளி எங்கள் பீரோவில் கிடந்தது. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

கல்யாணமான புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, வெள்ளி விளக்கைத் தேய்த்த கையோடு ஒரு காசையும் திருநீறு போட்டுத் தேய்த்துப் பூஜையில் வைத்தேன். பளிச்சென்றுதான் இருந்தது. மனுஷர் குதித்த குதி இருக்கிறதே!

"அடிப்பாவி! புரூஃப் காசுடி அது! அதுல போயி துன்னூறா?"

ஆத்திரம் அடங்கியதும் இன்னொன்றை விளிம்பில் பிடித்துக் காட்டினார். சாதாரணக் காசு முழுக்க ஒரே மினுமினுப்பு. சேர்த்து வைக்கிறவர்களுக்கென்றே தனியாக அடிக்கிற புரூஃப் அப்படியில்லை. தளம் முகம் பார்க்கும் கண்ணாடி. எழும்பி நிற்கிற உருவம் மட்டும் பச்சரிசி மாவு தூவினாற்போல வெளுப்பு. துணி பட்டால்கூடக் கீறல் விழும், போனால் திரும்பாது. நான் தேய்த்ததில் மாவும் கண்ணாடியும் ஒன்றாகிப் போயிருந்தன. அதோடு நான் அந்தப் பக்கமே போகவில்லை.

எண்பதுகளில் அவருக்குக் கண் பிரஷர் வந்தது. "போன பார்வை போனதுதாம்மா. இருக்கிறத மருந்து விட்டு எம்புட்டு நாள் காப்பாத்த முடியுமோ பார்ப்போம்" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து காலையில் சன்னலோரம் ஒரு புரூஃப் காசோடு உட்கார்ந்துவிடுவார். "காசுல சிங்கத்தோட மீசை தெரியுதுடி, இன்னும் கண்ணு கெடக்கு" என்பார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். ஆனால் அவர் நிலைப்படியில் இடறுவது கூடிக்கொண்டேதான் போனது.

ஒரு நாள் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் கத்தினார். "ஏண்டி, இதையும் தேச்சிட்டியா? எல்லாம் ஒண்ணுபோல மங்கிக் கெடக்கு!"

வாங்கிப் பார்த்தேன். மாவு மாவாகவே இருந்தது. கண்ணாடியில் என் மூக்குத்தி தெரிந்தது.

செய்யாத தப்புக்கு ஒரு சொல் பொறுக்கிறவளா நான்? வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அம்புட்டு பயம் அதில்.

"ஆமாங்க. நேத்து பூஜைக்குத் தேச்சேன். புத்தி கெட்டுப் போச்சு."

"கூறு கெட்டவளே! எத்தன தடவ சொல்றது ஒனக்கு!" திட்டத் திட்ட அவர் முகம் தெளிந்தது.

"சரி, பீரோவுல வேற ஒண்ணு எடுத்தா."

எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

"இதையுமா?"

"எல்லாத்தையும்தாங்க தேச்சேன்" என்றேன்.

இந்தத் தடவை அவர் திட்டவில்லை.