ஒன்பது மணி வரைக்கும்தான் இட்லி

பிள்ளையார்பாளையத்தில் தெரு நெடுகத் தறிக்கான பட்டுப் பாவு நூலை இழுத்துக் கட்டி, ஒரு அம்மா இழைகளை நீவிக்கொண்டிருக்கிறார். காபியும் கோயில் இட்லியும் எங்கே நன்றாக இருக்கும் என்று அவரிடம் கேட்கிறேன்.

“காபியெல்லாம் வேணாம்பா, தெருக் கோடியில டீ குடி. இட்லின்னா கொளத்து மூலை மெஸ்ஸு. சுக்கு, மெளகு தூக்கலா போட்டு மந்தார எலையில அவிப்பாங்க. ஒம்போதுக்கு மேல தீந்துடும். சாப்ட்டுட்டு கோயிலுக்குப் போ, பன்னெண்டுக்கு நடை சாத்திடுவாங்க.”

கிளம்பப் பார்க்கிறேன்.

“எங்க வூட்டுக்காரரு இப்ப வந்துடுவாரு. அதுவரைக்கும் இந்தக் கோலப் புடிச்சிக்கினு நில்லுபா. தொய்ய வுடாத” என்று பாவின் முனையில் கோத்த கோலை என் கையில் கொடுக்கிறார்.

மணி எட்டே முக்கால். பாவு மறித்ததால் நின்றுபோன காரிலிருந்து ஒருவர் தலையை நீட்டுகிறார். “சார், இங்க இட்லி எங்க நல்லாருக்கும்?”

“குளத்து மூலை மெஸ். மிளகு தூக்கலா இருக்கும். ஒன்பதுக்கு மேல கிடைக்காது, சீக்கிரம் போங்க.” பிறந்ததிலிருந்து அங்கேயே சாப்பிடுகிறவன் போலச் சொல்கிறேன். கார் பின்வாங்கித் திரும்பிப் பறக்கிறது.

அது மறையும் வரை பார்த்துவிட்டு அந்த அம்மா சொல்கிறார்:

“வண்டில ஆறு பேருபா. உனக்கு டீ மட்டுந்தான்.”