பத்தாவது கையெழுத்து

கோந்துவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வாக்காளர் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டியதில், அவன் பெண்டாட்டியே அடுத்தவர்களிடம் "எங்க கோந்து" என்றுதான் சொல்லுவாள். பிழைப்பு, ஃபேன் ரிப்பேர். என் சலூனுக்கு நேர் எதிரே, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெயிலில் நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு கடை. தேர்தல் வந்துவிட்டால் கழற்றிப் போட்ட ஃபேன்கள் எல்லாம் கழற்றியபடியே கிடக்கும். வேர்த்து விறுவிறுத்து வந்து கேட்பவர்களிடம், "ஓட்டு எண்ணி முடிக்கட்டும்ணே, மாட்டிடலாம்" என்பான். ஜெயிக்கப்போவது என்னவோ இவன் மாதிரி.

ஆனால் வேலைக்காரன். ஒரு வீட்டிலும் வாயைத் திறந்து ஓட்டுக் கேட்க மாட்டான். வாசலில் நின்று, "தாகமா இருக்கு, கொஞ்சம் தண்ணி" என்பான். தண்ணீரைக் கொடுத்து உள்ளே உட்காரச் சொன்னால் அது நம் வீடு. கொடுத்துவிட்டு, டம்ளரைத் திரும்ப வாங்கக் கையை நீட்டியபடியே நின்றால் எதிர்க்கட்சி. "குழாயில பிடிச்சுக்கோ" என்றால் இரண்டு பக்கமும் தலையாட்டுகிற வீடு, மறுபடி போக வேண்டும். இப்படி ஒரு நாளைக்கு அறுபது வீட்டுத் தண்ணீர் குடிப்பான். ஓட்டு எண்ணுவதற்கு முதல் நாள் அவன் சொல்லும் வித்தியாசம் இருபது ஓட்டுக்கு மேல் தப்பியதில்லை. அதைக் கேட்டுக்கொண்டுபோய்ச் சொல்லி மாலை வாங்கிக்கொண்டவர்கள் வேறு ஆட்கள்.

போன வருடம் எங்கள் கவுன்சிலர், வெளியூரில் மகளோடு போய் இருக்கப் போகிறேன் என்று ராஜினாமா செய்ய, இடைத்தேர்தல் வந்தது. கட்சிச் செயலாளர் நாலு பேர் முன்னால் கோந்துவின் தோளில் கைபோட்டு, "இந்த வாட்டி நம்ம கோந்துதான்யா" என்றார். அன்றைக்கு மட்டும் என் கடைக்கு மூன்று தடவை வந்து அதைச் சொன்னான்.

"மாப்ளே, எத்தனை மூஞ்சிய ஒட்டியிருப்பேன். ஒரே ஒரு தடவை என் மூஞ்சிய நானே ஒட்டணும்டா."

"ஒட்டு. ஆனா சேவிங் பண்ணிட்டு போட்டோ எடு. பயந்துடப் போறாங்க" என்றேன்.

அவன் ஆசை அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் கேட்டவன் இல்லை.

வேட்புமனுவில் வார்டுக்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஊர்க் கட்சியில் ஒரு பழக்கம். வேட்பாளர் பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, முதலில் பத்துக் கையெழுத்தையும் வாங்கிவிடுவார்கள். பெயரைப் பிறகு அலுவலகத்தில் டைப் அடித்துக்கொள்வார்கள். கடைசி நிமிடத்தில் ஆள் மாறினால் அலைய வேண்டாம் பாருங்கள். மற்றவர்களுக்காக அப்படி ஐந்து தேர்தலில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவன் கோந்து. அந்தப் பழக்கத்திலேயே தனக்கும் காலிப் படிவத்தில்தான் வாங்கினான். முதல் கையெழுத்து அவன் பெண்டாட்டி. இரண்டாவது நான். படிவத்தைக் கொண்டுபோய்த் தன் மச்சானிடம் கொடுத்தான். பெண்டாட்டியின் தம்பி, கட்சி அலுவலகத்தில் டைப் அடிக்கிறவன். அந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டதே கோந்துதான்.

மனு கொடுக்கக் கடைசி நாள். மூன்று மணியோடு முடிகிறது. காலையிலேயே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கோந்து நகர்மன்ற அலுவலகத்துக்குப் போய்விட்டான், வேட்பாளர் கையெழுத்துப் போட யாராவது கூப்பிடுவார்கள் என்று. யாரும் கூப்பிடவில்லை. பன்னிரண்டு மணிக்குக் குமாஸ்தா வந்து, தாக்கலான மனுக்களைப் பலகையில் ஒட்டினார். கோந்து வாங்கிய பத்துக் கையெழுத்துக்கு மேலே செயலாளரின் மருமகன் பெயர் இருந்தது.

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டே, "மேலிடத்து முடிவு மாமா. நான் என்ன பண்ண?" என்றானாம். டைப் அடித்ததே நீதானேடா, அது போதாதா!

கோந்து அழவில்லை, சண்டைக்கும் போகவில்லை. சுயேச்சையாக நிற்கிறேன் என்று புதுப் படிவம் ஒன்றை வாங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தான். ஒரு வாக்காளர் ஒரு மனுவில்தான் கையெழுத்துப் போடலாம். அதனால் பழைய பத்துப் பேர் கணக்கில் இல்லை, புதிதாகப் பத்துப் பேர் வேண்டும். மத்தியான நேரம், பாதி வீடு பூட்டு. திறந்திருந்த வீடுகளில் பாதிப் பேருக்குச் செயலாளர் என்றால் பயம். நாக்குத் தள்ள ஓடி எட்டுப் பேரைப் பிடித்தான். அதில் மூன்று பேர், டம்ளருக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற எதிர்க்கட்சிக்காரர்கள்.

தேர்தல் அதிகாரி நல்ல மனுஷி. "முதல் மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் ரெண்டு பேர் மூணு மணிக்குள்ள நேரில் வந்து, அதை வாபஸ் வாங்கறேன்னு எழுதிக் கொடுத்தா, உங்க மனுவில் போடலாம்" என்றாராம். இரண்டே பேர். ஒன்று பெண்டாட்டி. இன்னொருவர் யார் என்று கோந்து யோசிக்கக்கூட இல்லை.

அதற்குள் மச்சான் என் கடைக்கு வந்து போயிருந்தான். கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டே, "கடை லைசென்ஸ் அடுத்த மாசம் புதுப்பிக்கணும்லண்ணே? செயலாளர் கேட்டாரு. மாமா வந்து ஏதாச்சும் கேட்டா, பாத்து செய்யுங்க" என்றான். சீப்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான். நல்ல வளர்ப்பு.

இரண்டு மணிக்குக் கோந்துவின் பெண்டாட்டி வந்தாள். செருப்புக்கூடப் போட்டிருக்கவில்லை.

"அண்ணே, அவரு அங்க வரிசையில நிக்கிறாரு. நீங்களும் நானும் போனா முடிஞ்சுது. வாங்கண்ணே."

"உன் தம்பி?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"அவன் என் தம்பியே இல்ல. வாங்க."

நாற்காலியில் ஒரு லாரி டிரைவர். பக்கத்துச் சந்தையில் சரக்கு இறக்கும்வரை முடி வெட்டிக்கொள்ள வந்த ஆள், முன்பின் தெரியாதவர். "பாதி வெட்டு வெட்டிட்டேன்மா. நீ முன்னாடி போ. முடிச்சிட்டுப் பின்னாலேயே வரேன்" என்றேன். நம்பிப் போனாள். மன்ற அலுவலகம் பத்து நிமிட நடை.

வெட்டி முடித்தபோது மணி இரண்டு இருபது. துண்டை உதறி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. காதோரம் ஒரு தடவை மிஷின் போட்டேன். பிடரியை மறுபடி சரிபண்ணினேன். மூக்கு முடியை வெட்டினேன். பிறகு எண்ணெயை எடுத்து, அவர் கேட்காமலேயே தலையில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். டிரைவர் சொக்கிப்போய்த் தூங்கிவிட்டார். என் கை நிற்கவில்லை. இந்த இருபத்தெட்டு வருடத்தில் ஒரு தலைக்கு அவ்வளவு பாடு நான் பட்டதில்லை. லைசென்ஸ் போனால் குடும்பம் என்ன ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போகாது என்றும் தெரியும். ஒரு கையெழுத்துக்காக யாரும் கடையைப் பூட்டிவிட மாட்டார்கள். பயந்தாங்கொள்ளி, வேறு என்ன?

மூன்று பத்துக்கு அவள் திரும்பி வந்தாள். படிவம் கையில் சுருட்டியபடி இருந்தது. அதில் ஒன்பது கையெழுத்து. வாசலில் நின்று, தூங்குகிற டிரைவரையும் எண்ணெய் வழிகிற என் கையையும் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். படிவத்தை இன்னும் இறுக்கிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மருமகன் நின்றார், ஜெயித்தார். கோந்து இல்லாததால் அவர் போஸ்டரெல்லாம் கோணலும் மாணலுமாக ஒட்டப்பட்டிருந்தது. அந்த மூன்று வாரமும் கோந்து தன் கடையை விட்டு இறங்கவில்லை. இந்த வார்டில் மாட்டாத ஃபேன் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிற மாதிரி வேலை பார்த்தான். தேர்தல் சமயத்தில் அப்படி அவனை நான் பார்த்ததே கிடையாது. என் பக்கம் திரும்பவும் இல்லை. என் லைசென்ஸ் சொன்ன தேதிக்கு முன்பே வந்துவிட்டது.

ஓட்டு எண்ணிய மறுநாள், மத்தியானம் நான் தனியாக இருந்தபோது, கோந்து தெருவைக் கடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். துண்டைப் போர்த்தினேன்.

"வெட்டவா? சேவிங்கா?"

"ரெண்டும் வேணாம். அந்த டிரைவருக்குப் போட்டியே எண்ணெய், அத எனக்கும் போடு."

"மாப்ளே..."

"மூணு மணி வரைக்கும் போடு."

எண்ணெயை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தேன். தலையில் கை வைத்ததும் யாருக்கும் கண் தானாக மூடிக்கொள்ளும். அவன் மூடவில்லை. கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று மணி ஆக இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.