அக்காவுக்குப் பொருந்தாத வார்த்தை

எண்பதுகளின் தொடக்கத்தில், சேலத்தில் ஒரு வாடகை வீட்டு மாடியில் இருந்த ஆராய்ச்சி அலுவலகத்தில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். மலைவாழ் பெண்களின் பிரசவம் பற்றிய ஆராய்ச்சி அது. சென்னையிலிருந்து வந்திருந்த டாக்டரம்மாதான் பொறுப்பு. அவர் எழுதிக் கொடுப்பதை இங்கிலீஷில் டைப் அடிப்பது என் வேலை.

நானும் ஒரு மலைக்காரி என்பது அங்கே யாருக்கும் தெரியாது. ராசிபுரத்தை ஒட்டிய போதமலையில் பிறந்து, கீழே ஹாஸ்டலில் தங்கிப் படித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். எந்த ஊர் என்று கேட்டால் ராசிபுரம் என்பேன். பள்ளிக்கூடத்தில் பட்ட கேலியே போதும் என்றிருந்தது.

ஒருநாள் அறிக்கையின் கடைசிப் பகுதி கைக்கு வந்தது. மலைப் பெண்கள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வராததற்கு அவர்களுடைய அறியாமையே காரணம் என்று எழுதியிருந்தது. என் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

என் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தவள். வலி எடுத்ததும் தொட்டில் கட்டி நாலு பேர் மலையிலிருந்து சுமந்துவந்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளை வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள். குளித்துவிட்டு வரமாட்டீர்களா என்று ஏசினார்கள். கூட வந்த அம்மாவை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அந்த வராந்தாவிலேயே குழந்தை பிறந்தது. தங்கவில்லை. அதன்பிறகு எங்கள் ஊரில் யாரும் பிரசவத்துக்குக் கீழே இறங்கவில்லை. இதற்குப் பெயர் அறியாமையா?

காகிதத்தை மெஷினிலிருந்து உருவிக்கொண்டு டாக்டரம்மா முன்னால் போய் நின்றேன்.

"இந்த வரியை நான் அடிக்கமாட்டேனுங்க. இது நெசமில்லீங்க."

அவர் முகம் மாறியது. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியது, உனக்கு என்ன தெரியும் என்றார். "நான் போதமலைக்காரிங்க" என்றேன். அக்கா பட்டதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவரோ, கேட்டு எழுதப் போன நம் ஆட்களிடம் இதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டார்.

பேன்ட் போட்ட ஆண்கள் காகிதத்தோடு வாசலில் நின்றால் எந்தப் பெண் பிரசவத்தைப் பற்றிப் பேசுவாள்? "எங்களுக்கு வழக்கமில்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். அதைத்தான் சொன்னேன்.

அடுத்த வாரமே டாக்டரம்மா என்னோடு மலையேறினார். ரோடு கிடையாது, கல்லும் வேருமாக ஒற்றையடிப் பாதை. மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தார். பெண்கள் கூடியதும், அக்கா எடுத்த எடுப்பிலேயே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நாங்க சொல்றமுங்க. எழுதினதை எங்களுக்குப் படிச்சுக் காட்டோணும். சரின்னு நாங்க சொன்னாத்தான் கீழ கொண்டுபோவோணும்."

டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். கேள்வி கேட்கும் பொறுப்பையும் அக்கா உட்பட எங்கள் பெண்கள் ஐந்து பேரிடமே விட்டார். அவர்கள் முதல் கேள்வியையே மாற்றிவிட்டார்கள். ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கேட்காமல், போனபோது என்ன நடந்தது என்று கேட்டார்கள். அதன்பிறகு பேச்சு நிற்கவே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். எல்லாவற்றையும் படித்துக் காட்டியபோது இரண்டு இடத்தில் என்னை நிறுத்தி, "அப்படிச் சொல்லலையே" என்று திருத்தினார்கள்.

சில மாதங்கள் கழித்து சேலத்தில் அதிகாரிகள் கூட்டம். ஐந்து பேரும் மலையிறங்கி, பஸ் ஏறி வந்தார்கள். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு அக்கா பேசினாள்.

"ஆஸ்பத்திரி வேண்டாம்னு நாங்க சொல்லலீங்க. மனுசியா நெனச்சு உள்ள உட்டா வாரோம்."

பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை விடுவதாக அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். மாதம் ஒருமுறை நர்ஸம்மா மலைக்கு வர ஆரம்பித்தார். எல்லாம் மாறிவிடவில்லை; ரோடு வருவதற்கு வெகுகாலம் ஆனது. ஆனால் அடுத்த பிரசவத்துக்கு அக்கா அதே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அம்மா பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்க, மகள் பிறந்தாள்.

அறியாமை என்ற அந்த வரியை நீக்கிவிட்டு, அறிக்கையின் முதல் பக்கத்தில் தன் பெயருக்குக் கீழே அந்த ஐந்து பேரின் பெயரையும் சேர்க்கச் சொன்னார் டாக்டரம்மா. அதற்குப் பிறகு எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ ஆயிரம் பக்கங்கள் அடித்து ஓய்வும் பெற்றுவிட்டேன். கையெழுத்துப் போடத் தெரியாத என் அக்காவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிய அந்த ஒரு பக்கத்தைத்தான், என் வாழ்நாளில் நான் உருப்படியாகச் செய்த வேலை என்று இன்றும் யாரிடமும் தலைநிமிர்ந்து சொல்வேன்.