கொறங்காட்டை விட்டு வராத ரோசலின்

ரோசலினின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பல நாளாகப் பேச்சில்லை. எனக்குக் கோபம். எடுத்த எடுப்பிலேயே, "இன்னாடி, உயிரோட இருக்கிறியா, போய்ச் சேர்ந்துட்டியா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து முன்பின் கேட்டிராத ஒரு பெண் குரல், "ஏனுங்க, மங்கைங்கிறது நீங்கதானுங்களா?" என்றது. காங்கயம் பக்கத்துப் பேச்சு. ரோசலினின் பக்கத்துக் காட்டுக்காரர் பாவாயம்மாள். விடியற்காலையில் வாசல் தெளிக்க வந்தவர், இவள் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துகிடந்ததைப் பார்த்திருக்கிறார். செல்போனில் முதலில் இருந்தது என் பெயர்தானாம்.

மண் ஆய்வுக் கூடத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்காகவும், அவள் குழி தோண்டிய ஊர்களில் அவளை 'மண்ணு மேடம்' என்று கூப்பிட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எழுதிப் பார்த்தேன், யாரோ அதிகாரியைப் பற்றி எழுதுவது போல இருந்தது. அவள் எனக்கு அவள்தான்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர்ப் பக்கம் பிறந்தவள். அவள் அப்பா காலமெல்லாம் அடுத்தவர் வயலில் கூலிக்கு வரப்போரம் அண்டை வெட்டியவர். அதை அவள் மறைத்ததும் இல்லை, சொல்லி அழுததும் இல்லை. "எங்கப்பாவுக்கு ஒரு முழம் நிலம் கிடையாதும்மா. நான் பாரு, தாலுகா தாலுகாவா தோண்டிக்கினு திரியறேன்," என்று சிரிப்பாள். நான் காஞ்சிபுரத்துக்குள்ளேயே, பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டுப் பெண். மண் என்றால் தறிக்குழிக்குள் இருப்பது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவள் வெளியே போய் மண் எடுத்து அனுப்புவாள், நான் கூடத்தில் உட்கார்ந்து அதைச் சோதிப்பேன். எங்கள் சினேகிதத்தில் பாதி துணிப்பைகளில் வந்து இறங்கியதுதான்.

அந்தச் சினேகிதமே ஒரு சண்டையில் தொடங்கியது. காங்கயம் பக்கத்து மேய்ச்சல் நிலங்களிலிருந்து அவள் மண் அனுப்பியிருந்தாள். கொறங்காடு என்பார்கள். கிளுவை முள்ளை வேலியாக வைத்து, உள்ளே புல்லையும் வெள்வேல மரத்தையும் வளரவிட்டு, மாட்டையும் ஆட்டையும் மேயவிடுகிற வறண்ட காடு. அந்த மண்ணில் சுக்கான்கல், அதாவது சுண்ணாம்பு இறுகிய சிறு கட்டிகள், நிறையக் கிடக்கும். மரச்சுத்தியால் மண்ணை மட்டும் மெல்ல உடைத்துச் சலித்து, கட்டிகளைத் தனியே எடுத்து எடை போட வேண்டும். எங்கள் கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர் கட்டியும் மண்ணுமாக உரலில் போட்டு மாவாக இடித்துவிட்டார். சோதனை முடிவே கெட்டுப்போயிற்று. அடுத்த பஸ்ஸைப் பிடித்து ரோசலின் வந்து நின்றாள். "இது இன்னா மண்ணுப்பா? வெத்தலைல தடவிப் போட்டுக்கலாம் போலிருக்குது! இதுல புல்லு எப்படி மொளைக்கும்? நான் புல்லு மேலதான நின்னு எடுத்தேன்?" கூடமே அதிர்ந்தது. இடித்தவர் பாவம், தேநீர் வாங்கிவரப் போவதாகச் சொல்லி நழுவிவிட்டார். நானும் அவளும் உட்கார்ந்து மீதியிருந்த மண்ணைப் பொழுது சாயும்வரை சலித்தோம். "கட்டியும் மண்ணும் ஒண்ணா இருக்குதேன்னு ஒண்ணுன்னு நெனைச்சிடக் கூடாது," என்றாள். அன்று அவளைப் பிடித்துப்போயிற்று, எனக்கு எளிதில் யாரையும் பிடிக்காது.

பிறகு ஒரு கோடையில் அவளோடு நானும் அந்தக் காட்டுக்குப் போனேன். ஆளுயரக் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டு, "எறங்கு, எறங்கு, பட்டுப் புடவையா கட்டிக்கினு வந்திருக்கிற?" என்று அதட்டினாள். மேலே ஒரு சாண் ஆழத்துக்கு வெளிர் பழுப்பு மண். விரலுக்கிடையில் மணல் நறநறவென்று உரசியது. நனைத்துப் பிசைந்தால் உருண்டை பிடிக்கும். நாடாவாக இழுத்தால் உடனே அறுந்துவிடும். மணற்பாங்கான வண்டல் என்று நாம் எழுதுவது இதைத்தான். அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கட்டிகள். இன்னும் கீழே கடப்பாரைக்கும் மசியாத சுண்ணாம்புத் தளம். அவள் சின்ன பாட்டிலிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காட்டினாள். மேல்மண்ணில் லேசாகச் சலசலத்தது. கட்டியில் சோடா போலப் பொங்கியது. "உங்க வூட்டுப் புடவைன்னா கரை எங்க முடியுது, உடல் எங்க ஆரம்பிக்குதுன்னு பளிச்சுனு தெரியும். இதுல தெரியாது. தடவித் தடவித்தான் கண்டுபிடிக்கணும்," என்றாள்.

அந்தக் குழிக்குள் நின்றுகொண்டு அவள் சொன்னதை இன்றும் என்னால் அப்படியே சொல்ல முடியும். "மேல இருக்குற இந்த ஒரு சாணுலதாம்மா உசுரு. பெய்யிற மழை சல்லுனு உள்ள எறங்கும், வெள்ளைல போய் முட்டி நின்னுரும். புல்லோட வேருக்கு அது போதும். தென்னைக்குப் போதுமா? ஏர் ஓட்டிக் கிளறிட்டா சுண்ணாம்பு மேல வந்துரும். ஒரு மழை அடிச்சு வெயில் அடிச்சா அப்பளமா காஞ்சிரும். அப்புறம் காத்துக்குப் பறக்க வேண்டியதுதான். சும்மா வுட்டாலே போதும், அதுபாட்டுக்கு இருந்துக்கும்." சும்மா விடுவது அரசாங்கத்துக்கும் தெரியாது, மனுஷனுக்கும் தெரியாது என்பது அவள் கட்சி. ஒரு கூட்டத்தில் ஒரு பெரிய அதிகாரி அந்த நிலங்களை மொத்தமாகத் தரிசு என்று சொன்னபோது இவள் எழுந்து, "தரிசுன்னு மாட்டாண்ட போய்ச் சொல்லுங்க சார், அது ஒத்துக்குதான்னு பாப்போம்," என்றாள். கூட்டம் சிரித்தது. அவளுக்கு அதற்குப் பிறகு பதவி உயர்வு தாமதமானது என்று பேசிக்கொண்டோம்.

இருவருக்கும் குடும்பம் அமையவில்லை. எனக்கு அமையாததற்கு என் வாய் காரணம் என்று என் தம்பி சொல்வான். அவளுக்கு ஏன் என்று நான் கேட்டதில்லை. ஓய்வு பெறும் காலத்தில் ஒரு நாள், கச்சபேஸ்வரர் கோயில் பக்கம் காபி குடித்துக்கொண்டே, "எங்க வூட்டு மாடி சும்மாதான் கெடக்குது. வந்துடேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஆக்கித் தின்னலாம்," என்றேன். எனக்கு யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. அவள் காபியை ஆற்றிக்கொண்டே, "சரிம்மா," என்றாள். அந்த ஒரு சரியை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை காலம் ஓட்டினேன்.

காங்கயம் பக்கம் பாவாயம்மாளின் காட்டோரமாக ஒரு துண்டு நிலம் வாங்கி, சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு அவள் தங்கினாள். "கொஞ்ச நாளைக்குத்தாம்மா," என்றாள். உழுது கெட்டுப்போன ஒரு பாத்தியைப் பாவாயம்மாள் இவள் பேச்சைக் கேட்டு வேலி அடைத்துச் சும்மா விட்டிருந்தார். அதில் கொழுக்கட்டைப்புல் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஐப்பசி மழை போகட்டும், வந்துவிடுகிறேன் என்பாள். மழை பொய்த்துவிடும். அடுத்த மழை போகட்டும் என்பாள். புல் வந்தது. விதை கட்டட்டும் என்றாள். விதையும் கட்டியது. ஒரு மாட்டை விட்டு மேய்த்துப் பார்க்கட்டும் என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்தப் புல்லை நானே போய்ப் பிடுங்கிப் போட்டிருப்பேன்.

அவள் ஒரு செம்பருத்திக் குச்சியும் எங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்தாள். ஊரெல்லாம் சுண்ணாம்பு மண்ணில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று வகுப்பெடுத்தவள், அதே மண்ணில் செம்பருத்தியை வைத்தாள். வைத்தால் என்ன ஆகும்? இலை வெளுத்தது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்றதெல்லாம் மஞ்சள். சுண்ணாம்பு இரும்புச் சத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் செடி அப்படித்தான் சோகை பிடிக்கும், இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. ஆனாலும் அவள் போன் செய்து, "எலை மஞ்சளாப் போவுதுமா, இன்னா பண்ணலாம்?" என்று என்னைக் கேட்பாள். "அன்னபேதி உப்பைக் கரைச்சு இலைல தெளி. இதுகூடத் தெரியாதா, மண்ணு மேடம்?" என்பேன். அந்த இரும்பு உப்பைத் தெளிப்பாள். பச்சையாகும். மறுபடி மஞ்சளாகும். மறுபடி போன். அவளுக்குத் தெரியாமலா கேட்டாள்? பேசுவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. எனக்கும் வேண்டியிருந்தது, அதனால் ஒரு முறைகூட 'அதைப் பிடுங்கி எறி' என்று நான் சொன்னதில்லை.

கடைசியாகப் பேசியபோது நான் பொறுமையிழந்து, "வர்றியா இல்லியா, ஒரே பேச்சா சொல்லிடு," என்றேன். அவள், "இங்க சாயங்காலத்துல காத்து நல்லா வருதும்மா. ஒனக்கு முட்டி வலி எப்படி இருக்குது?" என்றாள். பேச்சை மாற்றுகிறாள் என்று நினைத்து போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த அழைப்புதான் பாவாயம்மாளுடையது.

அவளுடைய தம்பியும் நானும் காரில் போய்ச் சேர்ந்தோம். அங்கேயே மாதா கோயில் கல்லறையில் அடக்கம் செய்துவிடலாம் என்று தம்பி சொன்னபோது நான் மறுக்கவில்லை. எப்போது கூப்பிட்டும் வராதவளை இப்போது தூக்கிக்கொண்டு போவானேன்? எல்லாம் முடிந்து அவள் வீட்டுக்குப் போனோம். வாசலுக்கு எதிரே அந்தப் பாத்தி. இடுப்பளவு புல், கதிர் முற்றிக் காற்றில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. மாடு ஒன்று தலையே தெரியாமல் மேய்ந்துகொண்டிருந்தது. ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன். யாரிடம் சொல்வது? அந்த வெற்றி என்னவென்று புரியும் ஒரே ஆளை இப்போதுதான் புதைத்துவிட்டு வந்திருந்தோம்.

கை கால் கழுவிக்கொள்ளப் பின்பக்கம் போனேன். கழிப்பறையில், நாற்காலி போல மேலே உட்காருகிற பீங்கான் பதித்திருந்தது. பக்கத்துச் சுவரில் பிடித்துக்கொண்டு எழ இரும்புக் கைப்பிடி. எனக்கு வியப்பாக இருந்தது. காலமெல்லாம் குழிக்குள் குந்தி உட்கார்ந்தே வேலை செய்தவள் ரோசலின், கடைசிவரை அவளுக்கு முட்டி வலியே கிடையாது. வெளியே வந்து பாவாயம்மாளிடம், "இது எதுக்குங்க இவளுக்கு?" என்று கேட்டேன்.

"அவிங்களுக்கு இல்லீங் கண்ணு, உங்களுக்குத்தான்," என்றார். "வூடு கட்டறப்பவே கொத்தனாருகிட்டச் சொல்லிப் போட்டாங்க. மங்கைக்கு முட்டி ஆகாது, கீள குந்த முடியாதுன்னு. அடுத்த மளைக்கு மங்கை வந்துருவா, வந்துருவான்னு சொல்லீட்டே இருந்தாங்க. ஏனுங் கண்ணு, நீங்க வரவே இல்லியே?"

வரச் சொல்லி அவள் ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை. காஞ்சிபுரத்தை விட்டு, என் தம்பி குடும்பத்தை விட்டு, தறிச் சத்தத்தை விட்டு வா என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வரமாட்டேன் என்று சொல்லவும் வரவில்லை. நாம் போனால் என்ன என்று எனக்கு ஒரு தரமாவது தோன்றியிருக்க வேண்டாமா? அவள் இங்கே ஒருத்திக்காகக் காத்திருந்தாள், நான் அங்கே ஒருத்திக்காகக் காத்திருந்தேன், நடுவில் ஒரு பகல் பயணம்தான்.

அவளுடைய சாமான்களில் எது வேண்டும் என்று அவள் தம்பி கேட்டான். எதுவும் வேண்டாம் என்றேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது பெட்டியில் அடங்காது. யாரும் கேட்காமலே ஒருத்தி என் முட்டி வலியை நினைத்துக்கொண்டு வீடு கட்டியிருக்கிறாள். என்னை யாரும் அப்படி நினைத்ததில்லை, இனி நினைக்கவும் ஆளில்லை. அந்த நினைப்பு எனக்குப் போதும் என்று எழுத ஆசைதான். பொய் எழுதக் கூடாது. போதவில்லை.

கார் புறப்படும் முன் மறுபடி பின்பக்கம் போனேன். கதவைத் தாழிட்டுக்கொண்டு அந்தப் பீங்கானின் மூடி மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பிறகு கைப்பிடியைப் பிடித்து எழுந்தேன். முட்டி வலிக்கவே இல்லை.