கல்யாண வீடியோவின் வலப்பக்கச் சத்தம்

அக்காவின் கல்யாணத்தில் அம்மா இருந்தார், மாமா இருந்தார், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் நான் இருந்தேன். பந்தியில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. அப்பா மட்டும் இல்லை. அவர் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் துரு தேய்த்துக்கொண்டிருந்தார். கப்பல் கிளம்பியாக வேண்டும் என்று விடுப்பு தரவில்லை.

பல வருடங்கள் கழித்து அந்த வீடியோவை நான் கையில் எடுத்தபோது ஆட்கள் இடம் மாறியிருந்தார்கள். சிங்கப்பூரில், பிடோக்கில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில் அப்பா என் கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தார். அம்மா தூத்துக்குடியில், அக்காவின் இரண்டாவது பிரசவத்துக்குத் துணையாக இருந்தார். வேலையை விட்டு ஊரோடு போன அப்பா, இப்போது மகனைப் பார்க்க விருந்தாளியாக வந்திருந்தார். வரும்போது பெட்டியில் எனக்கு மக்ரூனும், ஒரு துண்டில் சுற்றிய டிவிடிகளும் கொண்டுவந்தார். படங்களெல்லாம் அவர் இங்கே வேலை பார்த்தபோது லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாங்கியவை. வாங்கிய ஊருக்கே திரும்பி வந்திருந்தன.

"பிளேயர் செத்துப்போச்சு. நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தான, இதையெல்லாம் டிவியில வர்ற மாதிரி பண்ணிக் குடு" என்றார். சினிமாப் படங்களுக்கு அடியில், கடைசியாக, அக்காவின் கல்யாண டிவிடி இருந்தது. அதற்காகத்தான் மற்றதையெல்லாம் சுமந்து வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

கல்யாணத்தன்று மாதா கோயிலில் பூசை முடிந்து மண்டபத்தில் வாழ்த்துச் சொல்லும் நேரத்தில் அப்பா போன் செய்தார். மாமா அந்தக் கைபேசியை மைக்கில் ஒட்டிப் பிடித்தார். பட்டறையில் கண்டெய்னருக்குப் பின்னால் நின்றுகொண்டு அப்பா பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது. மறுபடி அடித்தபோது அந்த இரைச்சலில் யாரும் எடுக்கவில்லை. தன் குரல் மண்டபத்தில் கேட்டதா, மகள் காதில் விழுந்ததா என்பது அவருக்கு அன்றிலிருந்து தெரியாது. அக்கா, "கேட்டுச்சுப்பா, நல்லாக் கேட்டுச்சு" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். "அவ சமாதானத்துக்குச் சொல்லுதா" என்பார். வீடியோவில் அந்த இடம் முழுக்கப் பாட்டுத்தான். வீடியோக்காரர் எங்கள் கல்யாணத்தின் மேல் முழு நீளத்துக்குச் சினிமாப் பாட்டைப் போட்டு மூடியிருந்தார்.

நான் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கினேன். என் பழைய மடிக்கணினியில் எல்லாவற்றையும் ஏற்றி வைத்தால், வீட்டு வைஃபை வழியாக டிவியிலும் பார்க்கலாம், போனிலும் பார்க்கலாம். எங்கள் வீட்டில் இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அதனால் திரையில் எது வந்தாலும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டியாக வேண்டும்.

"இது என்னல நம்பர்?"

"படத்தோட தரம்ப்பா. நம்பரைக் குறைச்சா படம் தெளிவா இருக்கும். ஆனா நிறைய இடம் பிடிக்கும்."

"குறைச்சா நல்லதா? இது எந்த ஊர்க் கணக்கு?"

"சத்தம் மோனோவா, ஸ்டீரியோவான்னு கேக்குது."

"எது நல்லது?"

"கறுப்பு வெள்ளைப் படத்துக்கெல்லாம் மோனோ போதும்ப்பா. ரெண்டு பக்கமும் ஒரே சத்தம்தான்."

"எனக்கும் அது போதும். ஒரு காதுதான இருக்கு." அவருடைய இடது காது பட்டறை இரைச்சலிலேயே போய்விட்டது.

பழைய படங்களுக்கென்று ஒரு செட்டிங் போட்டு, எல்லா டிவிடியையும் அதே வரிசையில் ஏற்றினேன். கல்யாணமும் அந்த வரிசையிலேயே போனது.

மறுநாள் மாலை ஹாலில் டிவியில் போட்டோம். வீட்டுக்கார அண்ணன் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். காப்பிக் கோப்பையோடு வந்து நின்று பார்த்தார்.

"என்னா லா தம்பி, உங்க ஊர்ல எல்லாருமே இவ்ளோ குண்டா?"

பழைய சதுரப் படத்தை நான் அகலத் திரைக்கு இழுத்துவிட்டிருந்தேன். அக்கா ஒரு பெரிய இதய வடிவத்துக்குள் அகலமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். யாராவது கை அசைத்தால் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் வந்தன. மாமா கைபேசியை மைக்கில் வைத்தார். அப்பா எழுந்து டிவியின் பக்கத்தில் போய், வலது காதைத் திருப்பி நின்றார். பாட்டு. பாட்டுக்கு அடியில் ஏதோ ஒரு முணுமுணுப்பு. அக்கா மைக்கின் பக்கம் சாய்ந்து வாயசைத்தாள்.

"இவ என்ன சொல்லுதா?"

"தெரியலப்பா."

"சரி, விடு" என்று வந்து உட்கார்ந்தார். மீதி வீடியோவை அவர் பார்க்கவில்லை. பார்த்த மாதிரி இருந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. குரலை மீட்க முடியாவிட்டாலும் அக்காவையாவது அவள் அளவுக்கு ஒல்லியாக்கலாம் என்று கல்யாணத்தை மட்டும் மறுபடி மாற்றினேன். சதுரத்தைச் சதுரமாகவே விட்டேன், கோடுகளை நீக்கச் சொன்னேன், தர எண்ணைக் குறைத்தேன். ஒலியில் எதையும் தொட வேண்டாம், டிவிடியில் உள்ளபடியே இருக்கட்டும் என்று போட்டேன். ஒரு பிரதியைப் போனிலும் ஏற்றிக்கொண்டேன்.

ஞாயிறு தமிழ்ப் பூசைக்குக் கிளம்பினோம். பிடோக்கில் ரயில் ஏறியதும் அப்பா, "அக்கா ஒல்லியாயிட்டாளா?" என்று கேட்டார். போனை எடுத்தேன். என் வயர் இல்லாத இயர்போனில் வலது பக்கத்தை அவருக்குக் கொடுத்தேன். இடது பக்கத்தை நான் மாட்டிக்கொண்டேன். நேராக மாமா மைக்கில் கைபேசியை வைக்கும் இடத்துக்கு நகர்த்தினேன். எனக்கு அதே பாட்டு.

அப்பா என் கையைப் பிடித்தார். "பாட்டு எங்கல?"

"பாடிட்டுத்தான இருக்கு?"

"இல்லல. ஆளுங்க சத்தம். பாத்திரம் உருட்டுதான். பிள்ளை அழுவுது."

என் காதில் இருந்ததைக் கழற்றி, அதில் இடது என்று போட்டிருந்த 'L' எழுத்தைப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. வீடியோக்காரர் பாட்டை இடப்பக்கத்தில் மட்டும் போட்டிருக்கிறார். வலப்பக்கத்தில் கேமரா பிடித்த மண்டபம் அப்படியே கிடந்திருக்கிறது. ஊரில் எங்கள் வீட்டுப் பழைய டிவியில் ஆடியோவுக்கு ஒரே ஓட்டைதான். பிளேயரின் இடப்பக்க வெள்ளை வயரைச் செருகிவிட்டு, வலப்பக்கச் சிவப்பு வயரை நான்தான் ஆணியில் மாட்டித் தொங்கவிட்டேன். இத்தனை வருடமும் மண்டபம் அந்தச் சிவப்பு வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. இங்கே வந்து, மோனோ என்று நான் தேர்ந்தெடுத்ததும் பாட்டும் மண்டபமும் ஒன்றாகக் கலந்து, பாட்டு ஜெயித்துவிட்டது.

"பின்னால போ. மாமா போனை எடுக்கிற எடத்துக்குப் போ."

இயர்போனை மாற்றிக் கேட்க எனக்கும் ஆசைதான். அவரிடமிருந்து வாங்க மனம் வரவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலாங் தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் இறங்கியது. அப்பா உள்ளங்கையால் காதைப் பொத்திக்கொண்டார்.

"நான்தான்" என்றார். பக்கத்து இருக்கைச் சீனக் கிழவர் திரும்பிப் பார்த்தார். "ஹலோ ஹலோன்னே கத்துதேன்... கேக்குதா, கேக்குதான்னு... எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் போவணும்னு சொல்லுதேன்." சிரித்தார். "வாழ்த்தே சொல்லலியேல. அதுக்குள்ள லைன் போயிட்டு."

திரையில் அக்கா மைக் பக்கம் சாய்ந்தாள். அப்பாவின் உதடு அவளோடு சேர்ந்து அசைந்தது.

"என்னப்பா சொல்றா?"

இயர்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டேன். கரகரப்பு, யாரோ இருமல், அதன் நடுவே அக்காவின் குரல், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி: "கேக்குதுப்பா. கேக்குது. நீங்க சாப்பிட்டீங்களா?" அவள் கேட்டபோது மறுமுனையில் யாரும் இல்லை.

கோயிலுக்குப் பூகிஸில் இறங்கியிருக்க வேண்டும். கதவு மூடியபின்தான் பார்த்தேன். "பூசைக்கு நேரமாயிடும்ப்பா" என்றேன். "இன்னொருக்கா போடு" என்றார். சிட்டி ஹாலில் இறங்கி, எதிர்ப்பக்க ரயிலுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு ரயில்களை விட்டோம்.

அங்கிருந்தே அக்காவுக்குப் போன் செய்தார். "நான் சாப்பிட்டேன்" என்று தொடங்கினார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னப்பா, காலங்காத்தால அதுக்குள்ளயா?" என்றாள்.

அன்று மாலை வலப்பக்கச் சத்தத்தை மட்டும் இரண்டு பக்கமும் வரும்படி மூன்றாவது தடவை மாற்றினேன். பாட்டில்லாத கல்யாணம் ஹாலில் ஓடியது. அப்பா சிங்கப்பூரில் எந்தப் பொருளைப் பார்த்தாலும் எத்தனை வெள்ளி என்று விலை கேட்பார். டிரைவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது எவ்வளவு?"

"முப்பத்தெட்டு வெள்ளி."

"அன்னைக்குப் பேச வாங்குன போன் கார்டு பத்து வெள்ளி" என்றார். "ஆக, அந்தப் பேச்சுக்கு நாப்பத்தெட்டு."